அடிமேல் அடி



வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டதும் நம் பெற்றோரின் முகம் எப்படி மாறும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "கண்ணும் கெட்டு, படிப்பும் கெட்டு" என்று தொடங்கும் அந்த அர்ச்சனை பேராவூரணியிலும் ஒன்றுதான், பட்டுக்கோட்டையிலும் ஒன்றுதான். அரசுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீடியோ கேமுக்கு வக்காலத்து வாங்கி ஆண்டு மலரில் எழுதுவது துணிச்சல்தான். ஆயினும் எழுதுகிறேன். ஏனெனில், ஆறு மாத காலம் ஒரு வரியும் எழுத வராமல் தவித்த எனக்குப் பேனாவை மீட்டுத் தந்தது, செங்கல் உடைக்கும் ஒரு சின்னஞ்சிறு விளையாட்டு. அதை நான் ஆடவில்லை, ஆக்கினேன். ஆடுவதற்கும் ஆக்குவதற்கும் உள்ள வேற்றுமையைப் பற்றியதே இக்கட்டுரை.

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு வெளியூரில் நடந்த கட்டுரைப் போட்டி ஒன்றிற்கு, நெகிழிப் பை ஒழிப்பைப் பற்றி வீட்டிலேயே எழுதி எடுத்துச் சென்றேன். நான்கு இரவுகள் அடித்தும் திருத்தியும் எழுதியது அது. நடுவர் ஒருவர் தாளைப் புரட்டிவிட்டு எல்லார் முன்னிலையிலும், "இது நீ எழுதியதா அம்மா, இல்லை இயந்திரம் எழுதியதா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "நான்தான் எழுதினேன்" என்னும் இரண்டே சொற்கள் வாயில் வரவில்லை.

அதன்பின் நம் தமிழாசிரியை, ஆண்டு மலருக்காக "நான் மறவாத நாள்" என்ற தலைப்பில் எழுதி வரச் சொன்னார்கள். எனக்கு மறவாத நாள் எது என்று யோசிக்கவே தேவையில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். நம் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளுக்கு அன்று நேர்ந்தது என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் தோப்பில் எண்பது மரங்கள் இருந்தன. பொழுது விடிந்து பார்த்தபோது நின்றவை பதினொன்று. அப்பா ஒன்றும் பேசாமல் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அதை எழுத வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ ஆசை.

ஆனால் எழுத வரவில்லை. முதல் வாக்கியத்தை எழுதுவேன். "இதைத்தானே இயந்திரமும் எழுதும்" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். உடனே அடித்துவிடுவேன். மறுபடி ஒரு வாக்கியம், மறுபடி ஓர் அடித்தல். எழுதத் தெரியாதவள் பேனா கோணல் என்றாளாம் என்பதுபோல, பேனாவை மாற்றினேன், மேசையை மாற்றினேன், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தும் பார்த்தேன். தாள்கள் தீர்ந்தனவே தவிரக் கட்டுரை பிறக்கவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். அண்ணனின் கைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் "கஜா புயல் பற்றி ஒரு கட்டுரை எழுது" என்று கேட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னுரை, முடிவுரையோடு வந்து நின்றது கட்டுரை. பிழையொன்றும் இல்லை. ஆனால் எங்கள் பதினொரு மரங்கள் அதில் இல்லை. அப்பா உட்கார்ந்திருந்த வரப்பும் இல்லை.

அப்போது எனக்குத் தருமியின் நினைவு வந்தது. 1965-இல் வந்த "திருவிளையாடல்" படத்தில் நாகேஷ் நடித்த அந்தப் புலவரைத் தொலைக்காட்சியில் நாம் எத்தனை முறை பார்த்துச் சிரித்திருக்கிறோம்! பொற்கிழி வேண்டும், பாட்டு வரவில்லை; பாட்டை வேறொருவர் எழுதித் தருகிறார். அவையில் நக்கீரர் எழுந்து பொருட்குற்றம் உண்டென்று சொல்கிறபோது தருமியின் கதி என்ன? பதில் சொல்ல வழியில்லை. எழுதியவன் அல்லவே, எப்படிச் சொல்வான்? எழுதித் தந்தவரே நேரில் வந்து வாதாட வேண்டியதாயிற்று. நமக்காக வாதாட யார் வரப்போகிறார்கள்? அந்தக் கட்டுரையை அழித்துவிட்டேன். பொற்கிழி போனாலும் போகட்டும், தருமியாக நிற்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். ஆனால் முடிவு செய்துவிட்டால் மட்டும் எழுத்து வந்துவிடுமா?

எங்கள் வீட்டில், அண்ணன் மேல்நிலை வகுப்பில் படித்தபோது அரசு தந்த விலையில்லா மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அதன் மின்கலம் செத்துப் பல நாளாயிற்று. சுவரில் செருகினால்தான் உயிர் வரும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்த அண்ணன், "எழுத வரலேன்னா விடு. வேற ஏதாச்சும் ஒண்ணு செய். செங்கல் உடைக்கிற விளையாட்டு செய், அதுதான் லேசு" என்றார். சிறு வயதில் திருவிழாக் கடையில் வாங்கிய கையடக்க விளையாட்டுப் பெட்டி நினைவுக்கு வந்தது. கீழே ஒரு மட்டை, மேலே ஒரு சுவர், நடுவில் ஒரு பந்து. பந்து சுவரில் பட்டால் ஒரு செங்கல் மறையும்; கீழே விழாமல் மட்டையால் தடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

இவ்வளவு எளிய விளையாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1972-இல் அட்டாரி என்னும் அமெரிக்க நிறுவனம் "பாங்" என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. மேசைப்பந்தைப் போல இருவர் ஆடுவது அது. எதிராளி இல்லாமல் ஒருவரே ஆட வழியுண்டா என்று எண்ணி, எதிராளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுவரை வைத்தார்கள். 1976-இல் அது "பிரேக்அவுட்" என்ற பெயரில் வெளிவந்தது. எட்டு வரிசை, வரிசைக்குப் பதினான்கு, ஆக 112 செங்கற்கள். திரையோ கறுப்பு வெள்ளை. வண்ணத்தாளை மேலே ஒட்டிச் செங்கல்களுக்கு நிறம் காட்டினார்கள்!

இதன் மின்சுற்றை வடிவமைக்கும் வேலை ஸ்டீவ் ஜாப்ஸிடம் வந்தது. அவர் தம் நண்பர் ஸ்டீவ் வாஸ்னியாக்கை அழைத்தார். பகலில் வேறு நிறுவனத்தில் வேலை பார்த்த வாஸ்னியாக், நான்கே நாளில், உறக்கம் மறந்து, மிகக் குறைந்த சில்லுகளைக் கொண்டு அதைச் செய்து முடித்தார். பிறகு என்ன நடந்தது தெரியுமா? அந்த வடிவமைப்பு அளவுக்கு மீறி நுணுக்கமாக இருந்ததால் அதை அப்படியே உற்பத்தி செய்ய இயலாதென்று, வேறு விதமாக மாற்றித்தான் வெளியிட்டார்கள். பட்ட பாடெல்லாம் வீண் என்று அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியை உருவாக்கும்போது, அதே செங்கல் விளையாட்டை அதில் நிரலாக எழுதிப் பார்த்தார். வண்ணம், ஒலி, திருகி ஆடும் கைப்பிடி ஆகியவற்றை அக்கணினியில் அமைத்ததற்கு இவ்விளையாட்டே ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு முறை பயன்படாமற்போன உழைப்பு மறுமுறை அடித்தளமாயிற்று. அடித்துப் போட்ட என் தாள்களை நினைத்துக்கொண்டேன். சற்றே ஆறுதலாக இருந்தது.

இனி நான் செய்த கதைக்கு வருகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழுவினர் உருவாக்கி, 2007-இல் எல்லாருக்கும் வெளியிட்ட "ஸ்கிராட்ச்" என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் ஆகிவிடும். சுவரை உடைப்பதற்கு முதலில் ஒரு சுவர் கட்ட வேண்டியிருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பந்துக்குத் திசையைச் சொல்லித் தர வேண்டும். மேலே நேராகப் போவது 0 பாகை, வலப்புறம் 90, கீழே 180. மட்டையில் பட்டுத் திரும்ப வேண்டுமென்றால், வந்த திசையை 180-இலிருந்து கழிக்க வேண்டும். வகுப்பில் "இதெல்லாம் எதற்கு?" என்று நாம் முணுமுணுக்கும் கோணக் கணக்கு, இங்கே பந்தாகத் துள்ளியது!

முதல் நாள் பந்து மட்டையில் பட்டதும் அங்கேயே ஒட்டிக்கொண்டு நடுங்கியது. போட்டி நடந்த அன்று நான் நின்ற நிலைதான் என்று தோன்றிச் சிரித்துவிட்டேன். காரணம் தேட ஒரு மாலை பிடித்தது. பந்து திரும்பிய பிறகும் மட்டையைத் தொட்டுக்கொண்டே இருந்ததால், மறுபடி மறுபடி திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பியதும் பத்து அடி மேலே தள்ளிவிடு என்று ஒரு கட்டையைச் சேர்த்தேன், நடுக்கம் தீர்ந்தது. இரண்டாம் நாள் வேறு தொல்லை. ஒரே பத்தியில் இருந்த செங்கற்களை உடைத்துவிட்டு, பந்து அந்த வெற்றிடத்திலேயே மேலும் கீழுமாகப் போய்வந்தது. பக்கத்துச் செங்கல்லைத் தொடவே இல்லை. மட்டையின் எந்த இடத்தில் பட்டாலும் ஒரே மாதிரி திரும்பும்படி நான் எழுதியிருந்ததுதான் பிழை. ஓரத்தில் பட்டால் சாய்ந்து போகும்படி மாற்றியதும் சுவர் முழுவதும் ஆட்டத்துக்கு வந்தது.

தோழியரே, இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆறு மாதமாக நானும் ஒரே இடத்தில் நின்று ஒரே வாக்கியத்தை அல்லவா அடித்துக்கொண்டிருந்தேன்! "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு அடியையும் சற்றே இடம் மாற்றி அடிக்க வேண்டும் என்பதைப் பந்து எனக்குச் சொல்லித் தந்தது.

விளையாட்டு ஓடத் தொடங்கியதும் ஓர் ஆசை பிறந்தது. செங்கற்கள் வெறுமனே இருப்பானேன்? என்னை எழுத விடாமல் தடுக்கும் எண்ணங்களை ஒவ்வொன்றாக அவற்றின்மேல் எழுதி உடைத்துத் தள்ளினால் என்ன? ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு, ஆக நாற்பது செங்கற்கள். எழுத உட்கார்ந்தேன். "பிழை வரும்." "சிரிப்பார்கள்." "யார் படிப்பார்கள்?" "முன்பே எழுதிவிட்டார்கள்." "நேரமில்லை." "இயந்திரம் இதைவிட நன்றாக எழுதும்." "நான் எழுதியதென்று நம்பமாட்டார்கள்." அவ்வளவுதான்! எட்டாவது வரவில்லை. மலைபோல் இருந்த என் அச்சத்தை எண்ணிப் பார்த்தால் ஏழே செங்கல். ஒரு வரிசைக்குக்கூடப் போதவில்லை.

மீதி முப்பத்து மூன்று செங்கற்களுக்கு எங்கே போவது? வேறு வழியின்றி, எழுத வராத அந்தக் கட்டுரைக்குரிய சொற்களையே போடலாம் என்று நினைத்தேன். தென்னை, புயல், காற்று, மழை. நான்கோடு என் சரக்கு தீர்ந்தது. தோப்பிலேயே வளர்ந்த பெண்ணுக்குத் தென்னையைப் பற்றி நான்கு சொல் தாண்டவில்லை என்பது வெட்கமாகவே இருந்தது.

வாசலில் ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்த அப்பாயியிடம் போய் உட்கார்ந்தேன். "என்ன ஆயி, ராத்திரியில வந்து மட்டையும் பாளையும் கேக்குற?" என்று சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். குருத்து, பாளை, குரும்பை, இளநீர், நெற்று, ஒல்லிக்காய், கீற்று, மட்டை, ஈர்க்கு, பன்னாடை, கொட்டாங்கச்சி, மஞ்சி, கயிறு. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கதை வந்தது. பன்னாடை என்றதும், புயலுக்கு மறுநாள் அடுப்பெரிக்க ஒன்றுமில்லாமல் ஈரப் பன்னாடையை ஊதி ஊதிக் கண் சிவந்ததைச் சொன்னார்கள். குரும்பை என்றதும், விழுந்த மரங்களின் குரும்பைகளைச் சிறுவர்களாகிய நாங்கள் பொறுக்கித் தேர் செய்து விளையாடியதையும், அதைக் கண்டு அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொன்னார்கள். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

இவ்வாறு கேட்டுத் தெரிந்துகொள்வது புதிதன்று. நம் தஞ்சைத் தரணியில் பிறந்த உ.வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். எவ்வளவோ படித்த அவருக்கும் அந்நூலில் வந்த சமண சமயச் சொற்கள் சுவராக நின்றன. அவர் ஏட்டை மூடி வைத்துவிடவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர் வீடுகளுக்குச் சென்று கேட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அத்துணைப் பெரியவரே ஊராரிடம் கேட்டார் என்றால், நான் என் அப்பாயியிடம் கேட்பதில் என்ன குறைவு?

நாற்பது செங்கற்களும் நிரம்பின. பந்து பட்டு உடையும் செங்கல்லின் சொல், ஓரத்தில் உள்ள பட்டியலில் போய்ச் சேரும்படி செய்தேன். இடையில் ஒருமுறை மின்சாரம் நின்று, பாதி வேலை அழிந்து, மறுபடி செய்தேன். முழுச் சுவரும் உடைந்த அன்று எதிரே நாற்பது சொற்கள் வரிசையாக நின்றன. மடிக்கணினியை மூடிவிட்டுத் தாளை எடுத்தேன். "பன்னாடை ஈரமாக இருந்தது" என்று தொடங்கினேன். உள்ளே அந்தக் குரல் கேட்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஆறு பக்கங்கள் முடிந்திருந்தன.

அந்தக் கட்டுரை இம்மலரில் இல்லை. மலருக்கு அனுப்ப வேண்டிய நாள் கடந்துவிட்டது என்பது ஒரு காரணம். அப்பாயிக்கு மட்டும் படித்துக் காட்டினேன் என்பது மற்றொன்று. கேட்டு முடித்துவிட்டு, "பதினொண்ணு இல்ல ஆயி, பன்னெண்டு மரம். கிணத்தடி மரத்தை விட்டுட்டே" என்றார்கள். திருத்திக்கொண்டேன். இக்கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதியதையும் நீங்கள் பன்னிரண்டு என்றே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் சரி, விளையாட்டு நேரத்தைத் தின்னாதா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். தின்னும். மறைக்க மாட்டேன். செங்கற்களுக்கு நிறம் மாற்றி மாற்றியே இரண்டு மாலைப் பொழுதுகளை வீணாக்கினேன். எழுதாமல் தப்பிக்க அதுவும் ஒரு சாக்காகிவிடும் என்று அப்போதே தெரிந்தது. ஆகையால் விளையாட்டு முடிந்ததும் மூடிவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஆடுவதையும் ஆக்குவதையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. ஆடுகிறவள் பிறர் கட்டிய சுவரை உடைக்கிறாள். பெட்டியை மூடியதும் கையில் ஒன்றும் இல்லை. ஆக்குகிறவளோ ஏன் உடைகிறது, ஏன் திரும்புகிறது, ஏன் நடுங்குகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிழை வந்தால் யாரும் சிரிப்பதில்லை. பந்து நடுங்கும், அவ்வளவுதான், திருத்தினால் ஓடும். பிழைக்கு அஞ்சாமல் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

எனவே இரண்டு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். முதலாவது நம் ஆசிரியப் பெருமக்களுக்கு. வாரத்தில் ஒரு மணி நேரம், நம் கணினி அறையில் நாங்களே சிறு விளையாட்டுகளை ஆக்க இடம் தாருங்கள். ஆடுவதற்கு அன்று, ஆக்குவதற்கு. கட்டுரைப் போட்டி, கோலப் போட்டி ஆகியவற்றோடு இதற்கும் ஒரு பரிசு வைத்தால் மகிழ்வோம். இரண்டாவது, போட்டி நடுவர்களுக்கு. இயந்திரம் எழுதும் காலத்தில் உங்களுக்கு ஐயம் எழுவது இயல்பே. ஆனால் "நீ எழுதியதா?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். நக்கீரரைப் போலக் கேளுங்கள். "இந்தச் சொல்லை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேளுங்கள். எழுதியவள் கண் மலர்ந்து பதில் சொல்வாள். எழுதாதவள் தருமியாக நிற்பாள். உண்மை தானே விளங்கிவிடும்.

தோழியரே, நம் பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தாலும், நம் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதற்காக நம் ஊர் விவசாயி வானத்தைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாய்க்காலைத் தூர்வாரி வைக்கிறார். தண்ணீரை உண்டாக்க அவரால் முடியாது. வரும்போது பாய வழி செய்து வைக்க முடியும். எழுத்தும் அப்படித்தான் என்று நம்புகிறேன். வரவில்லையே என்று வெறுந்தாளைப் பார்த்துக் கண்ணீர் விடுவதைவிட, கைக்கு எட்டிய சிறு வேலை ஒன்றைச் செய்யுங்கள். ஒரு விளையாட்டோ, ஒரு கோலமோ, அப்பாயி சொல்லும் சொற்களின் ஒரு பட்டியலோ, எதுவானாலும் சரி. உங்கள் சுவரிலும் ஏழு செங்கற்களுக்குமேல் இராது. எண்ணித்தான் பாருங்களேன்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி